கண்ணாடிக்குள் போன வெற்றிலைக் கூடை

நான் தையல் டீச்சர். மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஓரம் தைக்கவும் பட்டன் கட்டவும் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் என் கைக்குப் பிடித்த வேலை ஊசி நூலில் இல்லை, ஒயர் கூடையில் இருக்கிறது. ஸ்டாஃப் ரூமில் பின்னுவேன். டிவி பார்த்துக்கொண்டே பின்னுவேன். சர்ச்சில் பாடகர் குழுவுக்கு ஆள் சேருகிற வரைக்கும் பின்னுவேன். என் கொழுந்தனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், பஜ்ஜி வர நேரமாகிறதே என்று பையிலிருந்து ஒயரை உருவிவிட்டேன். என் கணவர் முழங்கையால் இடித்த இடி விலாவில் இன்னும் இருக்கிறது. பெண்ணின் அம்மா மட்டும், "அது நெல்லிக்காய் முடிச்சா?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்தச் சம்பந்தம் அன்றைக்கே முடிவாகிவிட்டது.

கல்யாணமான புதிதில் நாங்கள் சோழவந்தானில் குடியிருந்தோம். தினமும் காலையில் டவுன் பஸ் ஏறி மதுரைக்கு வருவேன். உட்கார இடம் கிடைத்துவிட்டால் கூடை வெளியே வந்துவிடும். ஒயர் கூடை பின்னிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அடிப்பாகம் போடும்போது நாலு பக்கமும் ஒயர் வாலாக நீண்டு கிடக்கும். ஒரு வால் முன்சீட்டுக்காரர் காதைத் தடவும், இன்னொன்று நடைபாதையில் போகிறவர் காலைச் சுற்றும். "டீச்சர், ஒயர மடக்குங்க. ஆரும் தடுக்கி விழுந்தா எனக்குல்ல மெமோ குடுப்பாக" என்று கண்டக்டர் அண்ணன் ஒரு நாள் விடாமல் சொல்வார். ஒரு நாள் விடாமல் நானும் மடக்குவதுபோல் காட்டுவேன்.

அந்தப் பஸ்ஸில்தான் வெற்றிலைக்கார அக்காவைப் பார்த்தேன். கொடிக்காலில் கூலிக்கு இலை கிள்ளிவிட்டு, தன் பங்குக்குக் கொஞ்சம் வெற்றிலை வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றிச் சிம்மக்கல்லுக்குக் கொண்டுவந்து விற்பவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் விழுந்த ஒயரை ஒதுக்கிவிட்டுவிட்டு, சிம்மக்கல் வரும்வரை என் விரலையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது சொன்னார்:

"எனக்கொண்ணு போட்டுத் தாங்க டீச்சர். வெத்தல அமுங்கக் கூடாது. தண்ணி நிக்கக் கூடாது. அம்புட்டுத்தான்."

அவருக்காகச் சிவன் கண் பின்னல் போட்டேன். அதில் கண் கண்ணாக இடைவெளி விழும், காற்றுப் போகும், தண்ணீர் வடியும். அடி அகலம், உயரம் குறைவு. பச்சையும் மஞ்சளும். எல்லாம் நன்றாகத்தான் வந்தது. மேல் வரிசைகள் மிச்சம் இருக்கும்போது பச்சை ஒயர் தீர்ந்துபோனது. கடைக்குப் போனால் அந்தப் பச்சை இல்லை. கிளிப்பச்சை இருக்கிறது, பாசிப்பச்சை இருக்கிறது, என் பச்சை மட்டும் இல்லை. அக்காவோ தினமும் பஸ்ஸில், "ஆச்சா, ஆச்சா?" என்று கேட்கிறார். வேறு வழியில்லாமல் நீல ஒயரை வைத்து முடித்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது கூச்சமாக இருந்தது.

"நீலமா இருந்தா என்ன, செவப்பா இருந்தா என்ன? வெத்தல கண்ணத் தொறந்தா பாக்கப்போகுது?" என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

அதன்பின் என் வீடு மாறியது. கணவரின் வேலைக்காகச் சிம்மக்கல் பக்கமே வந்துவிட்டோம். அக்காவுக்கும் காலம் மாறியது. கூலிக்குப் போன கொடிக்காலிலேயே ஒரு துண்டைக் குத்தகைக்கு எடுத்தார்கள். மகள் நர்ஸ் படித்து வேலைக்குப் போனாள். மொத்த வெற்றிலை வேனில் போக ஆரம்பித்த பிறகும், வாடிக்கைக்காரர்களுக்கென்று எடுத்துவைக்கும் நல்ல இலையை அந்தக் கூடையில்தான் கொண்டுவருவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர் கடை கட்டுகிற நேரமாக இருக்கும். மொத்தக்கடைச் சுமையும் ஆட்டோ சத்தமுமாகத் தெரு இரைந்துகொண்டிருக்க, நாங்கள் இருவரும் டீ குடிப்போம். கூடையை நான் ஏறிட்டுப் பார்க்க மாட்டேன். அந்த நீலம் என் கண்ணைக் குத்தும்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் ஹெம்மிங் வகுப்பு முடிந்து வெளியே வருகிறேன், அக்காவிடமிருந்து போன்.

"டீச்சர், இங்க ஒரு புள்ள வந்து நிக்குது. வெத்தல வேணாமாம், கூடதான் வேணுமாம். குடுக்கவா, போகச் சொல்லவா?"

"எந்தப் புள்ளக்கா?"

"மியூசியத்துப் புள்ள. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வக்கப் போகுதாம். புத்தி கித்தி நல்லாத்தான் இருக்கான்னு தெரியல. நீங்களே பேசுங்க."

போனை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். குரல் சின்னக் குரல். நகரத்தில் உள்ள ஓர் அருங்காட்சியகத்தில் புதிதாகக் காப்பாட்சியராக வந்திருக்கிறாளாம். பொருள்களைத் தேடி எடுத்து, பாதுகாத்து, காட்சிக்கு வைப்பது அவள் பொறுப்பு. கைவினைப் பொருள்களுக்காக ஒரு கூடம் அமைக்கிறார்கள். பழைய பித்தளைச் சாமான் பார்க்கச் சிம்மக்கல் வந்தவள் வெற்றிலைக் கூடையைப் பார்த்து நின்றுவிட்டாளாம்.

"இதப் பின்னினது நீங்கன்னு சொன்னாங்க. உங்களப் பார்க்கலாமா மேடம்?"

எனக்கு அன்று வகுப்பு எடுத்ததே நினைவில்லை. மியூசியம்! வீட்டுக்கு ஓடி, பீரோ மேலிருந்து என் கூடைகளை இறக்கினேன். கிளி போட்டது, தாமரை போட்டது, கறுப்பு வெள்ளையில் சதுரங்கக் கட்டம்போல் வருவது. எல்லாவற்றையும் துடைத்துச் சோபாவில் வரிசையாக உட்காரவைத்தேன். என் கணவருக்கு உட்கார இடமில்லை, அவர் காப்பியை நின்றுகொண்டே குடித்தார்.

சாயங்காலம் இருவரும் வந்தார்கள். காப்பாட்சியர் பெண் ஒவ்வொரு கூடையையும் கையிலெடுத்து, திருப்பி, உள்ளே பார்த்து, "ரொம்ப அழகா இருக்கு மேடம்" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். பிறகு அக்காவின் மடியில் இருந்த பழைய கூடையைத் தொட்டு, "ஆனா எங்களுக்கு இதுதான் வேணும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பச்சை வெளுத்து, மஞ்சள் பழுப்பேறி, உள்ளே சுண்ணாம்புக் கறையோடு இருக்கிற கூடை. ஒரு கைப்பிடி அறுந்து, அக்கா தன் பழைய சேலைக் கிழிசலை இறுக்கிச் சுற்றிவைத்திருந்தார். இத்தனைக்கும் மேலே மகுடம் வைத்ததுபோல் அந்த நீலம்.

"இது தப்பாப் போட்டது" என்றேன். "ஒயர் பத்தாம நீலத்துல முடிச்சது. நான் ஒரு டீச்சர். பிழையா எழுதின நோட்ட எடுத்து ஆராவது பிரேம் போட்டு மாட்டுவாங்களா?"

"புதுசுல நீங்க மட்டுந்தான் இருக்கீங்க மேடம். இதுல ரெண்டு பேர் இருக்கீங்க. இந்தக் கைப்பிடியப் பாருங்க. உங்க முடிச்சு எங்க முடியுது, அவங்க சுத்தினது எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியுது."

"அப்ப நான் நாளைக்கு வெத்தலைய எதுல கொண்டாருவேன்?" என்றார் அக்கா. அவர் கவலை அவருக்கு.

"இதுல எது வேணுமோ எடுத்துக்கங்கக்கா" என்று நான் சோபாவைக் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார்.

"கிளியும் பூவும் வெத்தலைக்கு ஆகாது டீச்சர். வாங்க வாரவுக கூடைக்கு வெல கேப்பாக. பழையபடியே ஒண்ணு போட்டுத் தாங்க."

"நீலம் வேணாம்ல?"

"நீலம் வேணும். தெருவுல எல்லாரும் என்னய நீலக் கூடைக்காரின்னுதான் சொல்லுவாக. மாத்திப்புட்டா ஆருக்கு அடையாளந் தெரியும்?"

இத்தனை வருஷம் நான் ஏறிட்டும் பார்க்காத நீலம் அவருக்குக் கடைப் பலகையாக இருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமலே அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

புதுக்கூடை முடிந்ததும் பழையதைத் தருவதாகப் பேச்சு. அக்கா, "அழுக்கா இருக்கு, கழுவித் தாரேன்" என்றார். ஆட்டோவில் ஏறிவிட்ட காப்பாட்சியர் பெண் கீழே குதித்து ஓடிவந்தாள். "அய்யோ, கழுவாதீங்க! அப்படியே குடுங்க!" அக்கா தலையை ஆட்டினார். அந்த ஆட்டலின் அர்த்தம் எனக்குத் தெரியும். ஊரே பார்க்கப்போகிற இடத்துக்குத் தன் பொருளை அழுக்கோடு அனுப்புகிற பெண்பிள்ளை சோழவந்தானில் பிறக்கவில்லை. கூடையைக் கொடுத்த அன்று அது பளபளவென்று வந்தது. புளி போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்திருக்கிறார். அந்தப் பெண் முகம் சுண்டிப்போனது. நல்லவேளை, சுண்ணாம்புக் கறை புளிக்கும் அசையவில்லை. விரலால் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. என்னென்ன பொருளை வைப்பது என்று சொல்ல அங்கே ஓர் ஆலோசனைக் குழு இருக்கிறது. அதில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர். ஒயர் கூடை என்றதும் அவர் யோசித்திருக்கிறார். எங்களையும் நேரில் பார்க்க விரும்பினார் என்று, ஒரு சனிக்கிழமை நானும் அக்காவும் போனோம்.

கூடம் அப்போது அரைகுறையாக இருந்தது. மரப்பாச்சி, கோரைப்பாய், பனை ஓலைப் பெட்டி, மண் குதிரைத் தலை, சொளகு என்று நாங்கள் சொல்லும் மூங்கில் முறம் எல்லாம் மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து வைக்கப்பட்டிருந்தன. நடுவில் எங்கள் கூடை. பள்ளி ஆண்டுவிழாவில் தப்பான யூனிஃபார்மில் வந்து நிற்கிற பிள்ளை மாதிரி இருந்தது.

பேராசிரியர் மரியாதையான மனிதர். எங்களுக்கு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க கைவேலையில குறையே இல்ல. ஆனா இது பிளாஸ்டிக். மூங்கில், ஓலை, கோரை எல்லாம் இந்த மண்ணுல விளைஞ்சது, இந்த மண்ணுலயே மக்கிப்போகும். இது மக்காது. இதப் பக்கத்துல வச்சா, நாமளே பிளாஸ்டிக்குக்கு மாலை போட்ட மாதிரி ஆகாதா?"

உண்மையைச் சொன்னால் எனக்கும் அது சரியென்றே பட்டது. நானும் பிள்ளைகளிடம் பிளாஸ்டிக் கவர் வேண்டாம் என்று சொல்கிறவள்தானே.

காப்பாட்சியர் பெண் விடவில்லை. "மக்காததாலதான் சார் ஒரே கூடை இத்தன வருஷம் வந்திருக்கு. இது இல்லன்னா அவங்க எத்தன கவர் வாங்கியிருப்பாங்க? அதோட, கையால செஞ்சதத்தான நாம வைக்கிறோம்? மதுரையில இன்னைக்கும் எந்த வீட்டுல பார்த்தாலும் ஒரு பொம்பளையாள் கையால செய்றது இதான். இத விட்டுட்டா இந்தக் கூடத்துல இன்னைக்கு உள்ளவங்க யாருமே இருக்க மாட்டாங்க."

பேராசிரியர் கூடையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண் கண்ணாக வெயில் அவர் சட்டையில் விழுந்தது. "சரி, வைங்க. ஆனா கடைசியில, வாசல் பக்கம். ஜனங்க என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்" என்றார்.

எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அக்காவுக்குப் போதவில்லை. வெளியே வந்ததும் அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டார்.

"அடியில எழுதி ஒட்டுவீகளாமே, அதுல ஆரு பேரு?"

"ரெண்டு பேரோடதும் போடுவோம்மா."

"மொதல்ல ஆரு பேரு?"

"பின்னியவர் பேரு முதல்ல..."

"அது எப்படி? டீச்சரு ஒரு மாசம் பின்னுனாக. நான் இத்தன வருஷம் சொமந்தேன். ஒரு மாசம் பெருசா, இத்தன வருஷம் பெருசா?"

"அக்கா, நான் பின்னாம நீங்க எதச் சொமப்பீங்க?" என்றேன். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது.

"நான் சொமக்காட்டி உங்க கூடைய ஆரு கேக்கப் போறாக? சோபாவுல வரிசையா உக்கார வச்சீகளே, அதுல ஒண்ணக் கேட்டாகளா?"

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அகர வரிசைப்படி போட்டுடலாமா?" என்றாள். அக்காவின் பெயர் உயிரெழுத்தில் தொடங்குகிறது, என் பெயர் உயிர்மெய் வரிசையில் எங்கோ கடைசியில் கிடக்கிறது. கணக்குப் புரிந்ததும் அக்காவுக்கு வந்த சிரிப்பில் வாசலில் நின்ற காவலாளி திரும்பிப் பார்த்தார். சிம்மக்கல் வருகிற வரைக்கும் பஸ்ஸில், "எங்கய்யா வச்ச பேரு, டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

திறப்பு விழாவுக்கு எங்கள் சர்ச் பெண்கள் ஐக்கியத்தில் சொன்னேன். ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். ஒயர் வாங்கும் கடையில் சொன்னேன். அக்கா தன் தெருவில் சொல்லியிருக்கிறார். காலையில் நான் போய் இறங்கும்போதே சோழவந்தானிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்து நிற்கிறார்கள். அக்கா மாம்பழ நிறத்தில் பட்டுடுத்தியிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க டீச்சர், நம்ம கூடை வீட்டு விசேஷம்" என்றார். அந்த 'நம்ம'வில் எனக்கு எல்லா ரோஷமும் போய்விட்டது.

சிக்கல் வாசலில் வந்தது. உள்ளே பை எதையும் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. டோக்கன் வாங்கிக்கொண்டு பக்கத்து ரேக்கில் வைத்துவிட்டுப் போக வேண்டும். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் கையில் என்ன இருந்தது? ஒயர் கூடை. தண்ணீர் பாட்டில், புளிச்சோறு, பிள்ளைக்கு மாற்றுச் சட்டை, குடை எல்லாம் அதில்தான்.

"என்னங்கண்ணே அநியாயம்! உள்ளுக்குள்ள ஒயர் கூடைய வச்சு விளக்குப் போட்டு வச்சிருக்கீங்க, எங்க கூடைக்கு மட்டும் தடையா?" என்று எங்கள் கணக்கு டீச்சர் காவலாளியிடம் வழக்கு வைத்தார்.

"அது பொருளும்மா. இது பை" என்றார் அவர். பாவம், அவர் படித்த விதி அப்படி.

டோக்கன் தீர்ந்துபோனது. ரேக் நிறைந்து, பெஞ்சு நிறைந்து, படிக்கட்டில் இரண்டு பக்கமும் கூடைகள் ஏறின. சிவப்பு, வெள்ளை, கத்தரிப்பூ, ரோஸ். ஒட்டகம் போட்டது, மயில் போட்டது, மகள் பெயரை ஆங்கிலத்தில் பின்னியது, மூடி வைத்தது, ஒரு சாண் உயரத்தில் செல்போனுக்கென்று போட்டது. காலை வெயில் விழுந்து படிக்கட்டே பூக்கடைபோல் ஆகிவிட்டது.

உள்ளே எங்கள் கூடை கடைசி வாசலோரம் தனிக் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. கைப்பிடி சரியாக வெளிச்சத்தில் தெரிந்தது. நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். பக்கத்தில் போக வெட்கம். ஆனால் பெண்கள் மரப்பாச்சியையும் மண் குதிரையையும் பார்த்துக்கொண்டு வந்து, இங்கே வந்ததும் நின்றுவிட்டார்கள். அதுவரை மெதுவாகப் பேசியவர்களுக்குக் குரல் எழும்பிவிட்டது.

"சிவன் கண்ணுல்ல இது!"

"கண்ணு பெருசா விட்டுருக்காக. தண்ணி வடியவா இருக்கும்."

"இங்க பாருடி, பச்ச ஒயர் தீந்துபோச்சு. நம்ம மாதிரிதான்."

நம்ம மாதிரிதான் என்று ஒருத்தி சொன்னாள். முகம் பார்க்கவில்லை, குரல்தான் கேட்டேன். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. கணவர் கைக்குட்டையை நீட்டினார். அதில் பஜ்ஜி எண்ணெய் இருந்தது, பரவாயில்லை, துடைத்துக்கொண்டேன். அக்காவோ பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "இது நான் சுத்துன சேல. எம் மக காதுகுத்துக்குக் கட்டுனது. அந்தா நிக்கிறாகளே, அந்த டீச்சருதான் பின்னுனது." நடுநடுவே என்னைக் கைகாட்டிக் கூப்பிடுவார்.

காப்பாட்சியர் பெண் எங்கே என்று தேடினால், வாசலில் படிக்கட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பேராசிரியர். அவர் குனிந்து ஒவ்வொரு கூடையாகப் பார்த்துக்கொண்டு கீழ்ப்படி வரைக்கும் இறங்கிவிட்டார்.

"ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லையேம்மா" என்றார் என்னைப் பார்த்து.

"ரெண்டு ஒரே மாதிரி இருந்தா வீட்டுல சண்ட வந்துரும் சார்" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "பிளாஸ்டிக்கப் பத்தி என் கருத்து மாறல. ஆனா உள்ள வச்சத விட வெளிய நல்ல கண்காட்சி நடக்குது" என்று சொல்லிவிட்டு, குரலைத் தணித்து, டிபன் கேரியர் நிமிர்ந்து நிற்கிறபடி ஒன்று போட்டுத்தர முடியுமா என்று கேட்டார். கோரையில் கிடைக்காதா சார் என்று நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டு, "என்ன கலர் சார்?" என்று கேட்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு அக்கா கூடத்தை இன்னொரு முறை ஆரம்பத்திலிருந்து சுற்றிவந்தார். இப்போது அவர் ஒவ்வொரு பெட்டியின் கீழும் உள்ள எழுத்தை என்னைப் படிக்கச் சொன்னார். "கோரைப்பாய். மதுரை வட்டாரம்" என்று படித்தேன். "ஆரு நெய்ஞ்சது?" என்றார். போடவில்லை. "பனை ஓலைப் பெட்டி." "ஆரு மொடஞ்சது?" போடவில்லை. சொளகுக்கு வந்தோம். அங்கேயும் ஊர்ப்பெயரும் பொருளும்தான்.

"நம்ம ரெண்டு பேருக்கும் மட்டும் பேரு போட்டுருக்கு. இவுகளுக்கெல்லாம் ஆத்தா அப்பன் பேரு வக்கலையா?" என்று காப்பாட்சியர் பெண்ணிடம் கேட்டார்.

அவள் கோபப்படவில்லை. பலதும் பல வருஷத்துக்கு முன் வந்தவை, வாங்கினவர்கள் செய்தவர் பெயரைக் கேட்டு எழுதிவைக்கவில்லை என்றாள். சொல்லிவிட்டு யோசித்தபடி நின்றாள். அடுத்த வாரம் நான் போனபோது, பெயர் இல்லாத பெட்டிகளில் எல்லாம் ஒரு சின்ன அட்டை இருந்தது. 'இதைச் செய்தவரை உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் எங்களிடம் சொல்லுங்கள்.'

எத்தனையோ பேர் எதையோ சொன்னார்கள். பாதி ஊகம். ஆனால் சொளகைப் பார்த்த ஒரு பஸ் டிரைவர் நின்று, விளிம்பை இப்படி இரட்டையாக வளைத்துக் கட்டுகிறவர்கள் கீழக்குயில்குடிப் பக்கம் ஒரே ஒரு வீடுதான், அவர்கள் இப்போதும் அங்கேதான் இருக்கிறார்கள் என்று போன் நம்பரோடு சொல்லிவிட்டுப் போனார். காப்பாட்சியர் பெண் எனக்குப் போன் செய்தபோது மூச்சு வாங்கினாள். "மேடம், நீங்களும் வாங்க. அக்காவையும் கூட்டிட்டு வாங்க."

மூவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் ஆராதனை முடித்த கையோடு, பஸ் ஏறிப் போனோம். சமணர் மலை அடிவாரத்தில் இறங்கி விசாரித்தால் எல்லோருக்கும் தெரிந்த வீடு. முற்றத்தில் மூங்கில் தட்டிகள் அடுக்கிக் கிடந்தன. ஏதோ ஹோட்டலுக்கு விளக்குக் கூண்டு பின்னிக்கொண்டிருந்தார்கள் புருஷனும் பெண்டாட்டியும். வேலை நெருக்கடியாம், இந்த மாதம் வேறு ஆர்டரே எடுக்கவில்லையாம். காப்பாட்சியர் பெண் போனில் சொளகுப் படத்தைக் காட்டினாள்.

அந்த அண்ணன் ஒரு பார்வை பார்த்தார். "எங்களுதுதான். இந்த வெளிம்பு இவ கட்டுனது. எனக்கு இம்புட்டு இறுக்கம் வராது."

"கல்யாணம் ஆன புதுசுல கட்டுனது" என்றார் அந்த அம்மா, படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. "இவருகிட்ட பேசாம இருந்தேன் அப்ப. கோவத்த எல்லாம் அதுலதான் இறுக்குனேன்."

"என்ன கோவம்?" என்று அக்கா கேட்டார். எந்த வீட்டுக்குப் போனாலும் அக்காவுக்கு அதுதான் முதலில் வேண்டும்.

"அழகர் ஆத்துல எறங்குறதுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு இவரு மட்டும் போயிட்டு வந்துட்டாரு."

அவர் மூங்கிலைச் சீவிக்கொண்டே தலை குனிந்து சிரித்தார். எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. கோழிக்குழம்பு வைத்தார்கள். அக்கா கொண்டுவந்திருந்த வெற்றிலையை ஒரு கவுளிக் கட்டு முழுதாக அந்த அம்மா கையில் கொடுத்தார். மத்தியானம் முழுக்கச் சிரித்துப் பேசிக்கொண்டே இருந்துவிட்டுக் கிளம்பும்போதுதான் காப்பாட்சியர் பெண்ணுக்கு வந்த வேலை ஞாபகம் வந்தது. அவசரமாக இருவர் பெயரையும் கேட்டாள். அகர வரிசை பார்க்கலாமா என்று நான் அக்காவைப் பார்த்தேன்.

அதற்குள் அந்த அண்ணன், "அவ பேரையே மொதல்ல போடுங்க தாயி" என்றார். "அந்த வருஷத்துக் கணக்கு இப்பயாச்சும் நேராகட்டும்."

"பேரு மட்டும் போட்டா ஆருன்னு தெரியும்? இனிஷியல் போடுங்க" என்றார் அந்த அம்மா. "எங்கப்பா இனிஷியல். இவரோடது வேணாம்."

காப்பாட்சியர் பெண் அப்படியே எழுதிக்கொண்டாள். வெயில் தாழ்ந்து மலை நிழல் முற்றம்வரை வந்திருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று யாரும் எழுந்திருக்கவில்லை.